மதிப்பு நிலைப்படும் வரை

“எல்லாக் கல்லையும் நீங்க சரி பாக்கிறீங்க. சரி பாக்கிற கல்லை யாரு சரி பாக்கிறா?” என்று ஒரு மளிகைக் கடைக்காரரின் மகள் முத்திரைக்காரரை ஒருமுறை கேட்டாள். கவிழ்த்து வைத்த டின் மேல் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

முத்திரைக்காரர் அளவைத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்துவது அவர் வேலை. வேலையின் பெயரே நாளடைவில் அவர் பெயராகிவிட்டது.

“ஆபீஸ் கல்லை வெச்சுச் சரி பாப்போம்மா.”

“ஆபீஸ் கல்லை?”

“தலைமை ஆபீஸ்ல ஒரு கல்லு இருக்கு. கண்ணாடிக்குள்ள. கையால தொடவே மாட்டாங்க.”

“அதை?”

“அதை யாரும் நிறுக்கறதில்ல. அதை அப்படியே நம்பிக்க வேண்டியதுதான்.”

“அப்ப எங்கப்பா கல்லையும் அப்படியே நம்பிக்கலாமே” என்றாள் சிறுமி.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு ஒரு குளிர்பானப் புட்டியைத் திறந்து நீட்டினார். முத்திரைக்காரர் புட்டியை வாங்கவில்லை. தராசுத் தட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் மெழுகு ஒட்டியிருந்தது.

சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மற்றபடி மனிதர் பரம சாது. எறும்பு வரிசையைத் தாண்டித்தான் கால் வைப்பார். காலையில் கடவுள் முன் கைகூப்பி, “இன்னிக்கு யாரையும் தப்பாச் சந்தேகப்படாம பாத்துக்கோ” என்று வேண்டிக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்குவார். இறங்கியதும் எதிரே வரும் பால்காரரின் அளவுக் குவளையை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

தலைமை அலுவலகத்தில் மாதிரிக் கற்கள் அறையில் வேலை பார்த்தவருக்குக் குந்துமணி என்று பெயர். அதுவும் வேலையால் வந்ததுதான். மூச்சுக்காற்று பட்டால் நகர்ந்துவிடும் பொடிக்கற்களை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்க அந்தக் கட்டடத்திலேயே ஒரு கைதான் இருந்தது, அது அவர் கை. சட்டை, கால்சட்டை, காதில் சின்ன வளையம். சில நாள் கண்ணில் மை இருக்கும், சில நாள் இருக்காது. எழுத்தர்களில் சிலர் அண்ணே என்பார்கள், சிலர் அக்கா என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மிகவும் பணிவாக, “உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்று கேட்டபோது, “டீ குடிக்கப் போறப்ப கூப்பிடு” என்றார். ஆண் என்றோ பெண் என்றோ தன்னைச் சொல்லிக்கொண்டால் இரவல் சட்டை போட்ட மாதிரி தோளில் இடிக்கிறது என்று, அக்கறையாகக் கேட்டவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அலுவலகத்துக்குப் பின்தெருவில் தையல்காரம்மாவோடு பல வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம். எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

முத்திரைக்காரரின் மனைவி ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். உதவிக்கு வந்த பெண்ணால் அவரைத் தூக்க முடியவில்லை. தூக்க முடிந்த ஆண் உதவியாளரை அந்த அம்மாள் அறைக்குள்ளேயே விடவில்லை. முத்திரைக்காரர் தூக்கினால் இருவருமாக விழுந்தார்கள். இதைக் கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் குந்துமணி வந்தார். பொடிக்கல்லை எடுப்பது போல அலுங்காமல் தூக்கி உட்கார வைத்தார். உடம்பு துடைத்துவிட்டார். சிக்குப் பிடித்த தலையை அடியிலிருந்து பொறுமையாகப் பிரித்துப் பின்னிவிட்டார். அந்த அம்மாள் நடக்கிற வரைக்கும் இடைவேளை தோறும் வந்தார்.

முத்திரைக்காரருக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது. கேட்காமல் நிறையக் கொடுப்பவர்களை அவருக்குத் தொழில்ரீதியாகப் பழக்கம். தட்டின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தேடினார். அலமாரிச் சாவியை இடம் மாற்றி வைத்தார். வீட்டில் எதுவும் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். குறைந்தது மனைவியின் முனகல் மட்டும்தான். அவர் ஊன்றுகோலோடு வாசல் வரை நடந்த அன்றைக்குக் குந்துமணி வருவதை நிறுத்திக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை.

“நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்று மனைவி கேட்டார்.

“சொல்லணும்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“வாயாலதாங்க.”

ஆனால் சந்தேகப்பட்ட வாயால் நன்றி சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. அது அப்படியே நெஞ்சுக்குள் தங்கிவிட்டது.

இப்படி இருக்கும்போது ஊழியர் நல வாரம் வந்தது. வருஷா வருஷம் பல் மருத்துவர் வந்து ஈறுகளைப் பற்றிப் பேசுவார். அந்த வருஷம் அவருக்கே பல்வலி. அவருக்குப் பதிலாக ஒரு மனநல மருத்துவர் வந்தார், அமைதியான பெண்மணி. துறையின் ஆணையர் முன்வரிசையில் கண்களை மூடி ஆழ்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

“ஆணுன்னு ஒரு பெட்டி, பொண்ணுன்னு ஒரு பெட்டி, வேற எதுவும் இல்லன்னு நினைச்சுக்கறோம்” என்றார் மருத்துவர். “சாயங்காலம் எந்த நொடியில ராத்திரியாச்சுன்னு இங்க யாராவது கோடு போட முடியுமா? ஒருத்தர் தன்னை யாரா உணர்றாங்கங்கறது ஒரு விஷயம். யாரு மேல மனசு போகுதுங்கறது வேற விஷயம். ஒண்ணை வெச்சு இன்னொண்ணை முடிவு பண்ணக் கூடாது. ரெண்டுமே நிறமாலை மாதிரி. தொடர்ச்சியா…”

‘தொடர்ச்சியா’ என்ற சொல் ஆணையரை எழுப்பிவிட்டது. தொடர்ச்சியாக இருப்பது எதுவானாலும் அளக்கப்பட வேண்டும் என்பது அந்தத் துறையின் உயிர்மூச்சு.

“அலகு என்ன?” என்றார்.

“எதுக்கு சார்?”

“நீளத்துக்கு மீட்டர். எடைக்குக் கிலோ. இதுக்கு?”

“அலகெல்லாம் கிடையாதுங்க. அவங்களைக் கேட்டா அவங்களே சொல்லுவாங்க.”

“சொன்னா?”

“நம்பணும்.”

அரங்கில் யாரோ இருமினார்கள். ஆணையர் மெல்ல எழுந்து நின்றார். “அம்மா, இது அளவைத் துறை. யாரையும் நம்பறதுக்காக இங்க யாரும் சம்பளம் வாங்கல.”

பலத்த கைதட்டல். முத்திரைக்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டே பின்வரிசையைப் பார்த்தார். குந்துமணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்திரைக்காரரின் கைகள் ஒன்றோடொன்று சேராமல் பாதியில் நின்றன.

அடுத்த வாரமே ஆணையர் முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார்.

“நண்பர்களே! மனித குலத்தை இதுவரை இரண்டே பெட்டிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். எவ்வளவு பெரிய கொடுமை! நமது துறை அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டுகிறது. இனி ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி! இத்துறை எவரையும் ஒதுக்காது. அவரவரை அவரவர் இடத்திலேயே வைத்துப் பூட்டும்! உங்கள் உள்ளத்தில் இருப்பது எதுவாயினும் அதை நான் மதிக்கிறேன். அது என்னவென்று எனக்குத் தெரியாமல் இருப்பதை மட்டும் என்னால் மதிக்க முடியாது.”

கேட்டுக்கொண்டிருந்த முத்திரைக்காரருக்கு மேடையைக் கவிழ்த்து அடியில் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பட்டறையில் கருவி தயாராயிற்று. பழைய எடைமேடை ஒன்றில் நாற்காலியைப் பற்றவைத்து, பின்னால் இரண்டு முள்வட்டங்களைப் பொருத்தினார்கள். மேல் வட்டம் உட்கார்ந்திருப்பவர் யார் என்று காட்டும். கீழ் வட்டம் அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும். முள்ளை நகர்த்த ஒரு திருகு. கேள்வி கேட்பவர் பதிலுக்குத் தகுந்தபடி திருகைத் திருப்புவார். அதாவது முள்ளை நகர்த்துபவர் கேள்வி கேட்பவர், கேள்வி கேட்பவரை நகர்த்துபவர் ஆணையர்.

அளவுகோல் என்றால் முனை வேண்டும். ஒரு முனைக்கு அப்பழுக்கில்லாத மாதிரி ஆண், மறுமுனைக்கு அதேபோல ஒரு மாதிரிப் பெண். மாதிரி ஆண் பதவிக்கு ஆணையரின் மச்சான் நியமிக்கப்பட்டார். அதுவரை எந்த வேலையிலும் அவர் மதிப்பு ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை என்பது அவருடைய தகுதி. அவரைக் குளிரூட்டிய கண்ணாடி அறையில் உட்கார வைத்து, கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். அவர் சாப்பாட்டுத் தட்டு நீளமான கோலால் தள்ளி அனுப்பப்பட்டது. இரண்டாம் நாள் அவர் தன் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசி, சாப்பாடு சரியில்லை என்று தேம்பித் தேம்பி அழுதார். விதிப்படி திருகினால் முள் எதிர்ப்பக்கமாகச் சரிந்தது. பட்டறைக்காரர்கள் பயந்துபோய் ஓடிவந்தார்கள்.

“இதுல பயப்பட என்ன இருக்கு?” என்றார் ஆணையர். “மாதிரி தப்பாது. அவர் அழுதா அது ஆண்மையோட அளவுல சேரும். மத்தவங்க அழுதா கழிச்சுக்கணும்.”

மாதிரிப் பெண்ணைத் தேர்ந்தெடுக்க அமைத்த குழுவில் எல்லோரும் ஆண்கள். தட்டச்சு செய்யும் அம்மாள் சத்தமாகச் சிரித்ததால் நீக்கப்பட்டார். கணக்குப் பிரிவு அம்மாள் தன் ஸ்கூட்டரைத் தானே பழுது பார்க்கிறார் என்று நம்பகமான தகவல் வந்தது. தொலைபேசிப் பிரிவு அம்மாள் உள்ளே வந்து, “என்னைத் தேர்ந்தெடுக்க நீங்கள்லாம் யாருய்யா?” என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் தகுதியிழந்தார். கடைசியில் ஒரு துணிக்கடையிலிருந்து பொம்மை ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார்கள். காலையில் கேட்டாலும் மாலையில் கேட்டாலும் ஒரே பதிலைத் தந்தது அது ஒன்றுதான்.

“என்ன ஒரு நிலைத்தன்மை!” என்று ஆணையர் கண்கலங்கினார். அந்தக் கண்ணீர் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பிறகு ஊழியர்களை அளக்க ஆரம்பித்தார்கள். வரம்புக்குள் இருந்தால் அடையாள அட்டைக் கயிற்றில் முத்திரைக்காரர் பச்சை முத்திரை குத்துவார். வரம்பு மீறினால் சிவப்பு. சிவப்பு விழுந்த தராசுகள் எங்கே போகுமோ அங்கேதான் சிவப்பு விழுந்தவரும் போக வேண்டும். அது தள்ளுபடிக் கிடங்கு. நாள் முழுக்கப் பேருந்தில் போனால் வரும் ஒரு வறண்ட ஊர். கழித்த தராசுகளைச் சம்மட்டியால் நசுக்குவதுதான் அங்கே வேலை. போனவர் திரும்பி வந்ததாகக் கேள்வி இல்லை.

அலுவலகத்தின் காற்றே மாறிவிட்டது. மீசை இல்லாதவர்கள் மீசை வளர்த்தார்கள். விசிலடித்துக்கொண்டே கோப்பு அடுக்கும் அம்மாள் வாயை மூடிக்கொண்டார். ஒரே குடைக்குள் தோளில் கைபோட்டு நடந்து வரும் கணக்கர்கள் இரண்டு பேர் இப்போது சாலையின் இரு பக்கமும் தனித்தனியாக நனைந்துகொண்டு வந்தார்கள். தலைமை எழுத்தர் கொட்டாவி விடுவதற்கு முன் சுற்றிலும் பார்த்தார். யார் யாரைப் பார்த்தாலும், எதற்குப் பார்த்தாய் என்ற கேள்வி கூடவே வந்தது. சந்தேகம் இதுவரை முத்திரைக்காரரின் தனித்தொழிலாக இருந்தது. இப்போது கட்டடம் முழுவதற்கும் அதுதான் தொழில்.

எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்தார். “நிலாவைப் பத்தி ஒரு கேள்வி வரும் சார். ஆபீஸ்னு சொல்லிடுங்க. ரெண்டு முள்ளும் அசையாது.”

முத்திரைக்காரரைத் தலைமை எழுத்தர் அளந்தார்.

“கரப்பான்பூச்சியைப் பாத்தா உங்களுக்கு முதல்ல காலு எழுமா, குரல் எழுமா?”

“கால்.”

“நிலாவைப் பாத்தா யாரு ஞாபகம் வரும்?”

“ஆபீஸ்.”

“பிரமாதம் சார். பச்சை. இவ்வளவு சுத்தமான பச்சையை நான் பாத்ததே இல்ல.”

முத்திரைக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கினார். உண்மையில் அவருக்குக் கரப்பான்பூச்சியைக் கண்டால் குரல்தான் எழும். நிலாவைப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரு தோழனின் சிரிப்பு ஞாபகம் வரும். மனைவியிடம் கொள்ளைப் பிரியம் கொண்ட மனிதர் அவர். இருந்தும் அந்தச் சிரிப்பு ஏன் வருகிறது என்று அவர் தோண்டிப் பார்த்ததில்லை, தோண்ட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வாழ்நாளில் அவர் பார்த்த போலி எடைகளில் இன்றைக்குத் தான் சொன்னதுதான் சுத்தமானது என்று நினைத்துக்கொண்டார்.

குந்துமணியை அளக்கும் வேலை அவருக்கே வந்தது.

“நீங்க உங்களை யாரா நினைக்கிறீங்க?”

“குந்துமணியா நினைக்கிறேன் சார்.”

“முள்ளுல அப்படி ஒரு இடம் இல்லையே.”

“அது முள்ளோட கஷ்டம் சார்.”

முத்திரைக்காரர் அடுத்த கேள்விக்குப் போனார். “மனசு எங்க போகுது?”

“தையல் கடைக்கு. அவங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சு சார். அன்னன்னிக்கு வேணுங்கற ஊசிக்கெல்லாம் காலையிலயே நூல் கோத்துக் குத்தி வெச்சுட்டு வருவேன். மத்தியானத்துக்கு மேல, நூல் தீந்திருக்குமோன்னு மனசு அங்கயேதான் நிக்கும்.”

“ஆணா பொண்ணான்னு கேக்கறாங்க.”

“அவங்களையா, என்னையா?”

“ரெண்டு பேரையும்.”

“அவங்க பொண்ணு. நான் அவங்களுக்கு நூல் கோக்கற ஆளு. இதுல எதை வேணும்னாலும் திருகிக்குங்க.”

முத்திரைக்காரரின் கை திருகின் மேல் இருந்தது. எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியவில்லை. முள் நடுவில் நின்று நடுங்கியது. மறுநாள் ஆணையர் வந்து தானே திருகினார். முள் வேறு இடத்தில் நின்றது. அதற்கு மறுநாள் இன்னோரிடம்.

“மதிப்பு நிலைப்படல” என்றார் ஆணையர்.

புதிதாக வரும் கல்லை உடனே நிறுக்கக் கூடாது. அறையின் குளிருக்குப் பழகும் வரை கண்ணாடி அறையில் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் நடைமுறை. அதன்படி குந்துமணியும் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைக்கப்பட்டார். கதவில், ‘மதிப்பு நிலைப்படும் வரை’ என்று எழுதி ஒட்டினார்கள். அடையாள அட்டையை வெளியே ஓர் ஆணியில் மாட்டினார்கள். வேலை நேரம் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும், மாலையில் வீட்டுக்குப் போகலாம். டீ குடிக்கப் போகிறவர்களும் வருகிறவர்களும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பலர் பல வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். கண்ணாடி வந்ததும் பார்ப்பதற்கு ஏதோ இருப்பதாகத் தோன்றிவிட்டது.

“எப்படி இருக்கீங்க?” என்று முத்திரைக்காரர் கதவைக் கொஞ்சம் திறந்து கேட்டார்.

“எனக்கென்ன சார், குளு குளு அறை. சும்மா உக்காந்தா சம்பளம். ஆணையரோட மச்சானுக்கு அடுத்தபடி நான்தான்” என்றார் குந்துமணி. பொழுதுபோகட்டும் என்று பொடிக்கற்களின் பெட்டியை மடியில் வைத்திருந்தார். ஒரு கல்லை இடுக்கியால் எடுக்கப் போனார். இடுக்கி பெட்டியின் விளிம்பில் பட்டு டிக்டிக்கென்று சத்தம் கேட்டது. நடுங்கியறியாத கை அது. இருவருமே அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

“கிடங்குக்குப் போகச் சொல்லிடுவாங்களா சார்?”

முத்திரைக்காரர் ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

“போறதைப் பத்தி ஒண்ணுமில்ல. நசுக்கற வேலையும் வேலைதான். அவங்க தனியா ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு, துளை எங்கன்னு தேடிட்டு இருப்பாங்க. கடையை விட்டுட்டு வரவும் முடியாது. அதுதான்” என்று சொல்லிவிட்டுக் குந்துமணி பெட்டியை மூடினார்.

அமைச்சர் வந்து அளவுகோலைத் தொடங்கி வைக்க நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் ஆணையர் முத்திரைக்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“எத்தனை சிவப்பு?”

“இதுவரைக்கும் ஒண்ணும் இல்லைங்க. எல்லாரும் பச்சை.”

ஆணையரின் முகம் வாடியது. “எல்லாரும் தேறிட்டா எப்படிய்யா? அமைச்சர் நம்மளச் சந்தேகப்பட மாட்டாரா? ஒரு தராசு நல்ல தராசுன்னு எப்படித் தெரியும்? எதையாவது கழிச்சாத்தான் தெரியும். ஒரு சிவப்பு வேணும். ஒண்ணே ஒண்ணு போதும். நான் என்ன கொடுமைக்காரனா?”

“யாருக்குங்க?”

“நான் யார் பேரையும் சொல்லல. நாளைக்கு யாராவது கேட்டா, நான் சொன்னேன்னு இருக்கக் கூடாது. முத்திரை உங்க கையில இருக்கு, பாவமும் உங்க கையிலயே இருக்கட்டும். மிச்சம் இருக்கறது அந்தக் கண்ணாடி அறையில ஒண்ணு, உங்களோடது ஒண்ணு. உங்களோடதை நீங்களே குத்திக்குங்க. ஒரு தடவை குத்திட்டா நானே நினைச்சாலும் பிரிக்க முடியாது, சட்டம் அப்படி. அதனாலதான் எனக்குச் சட்டத்தை ரொம்பப் பிடிக்கும். யாரு மேலயும் நமக்குக் கோபமே வர வேண்டியதில்லை பாருங்க.”

அன்று மாலை முத்திரைக்காரர் வீட்டில் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றார்.

“ஒரு ஆளுக்குச் சிவப்பு குத்தணுமாமே. டீக்கடையில பேசிக்கறாங்க.”

“ம்.”

“அந்தப் பிள்ளைக்கா?”

அவர் தரையைப் பார்த்தார்.

“நீங்க வேலைக்குப் போறவரு, உங்களை நான் ஒண்ணும் சொல்லல. குத்திட்டு வாங்க, சாப்பாடு போடறேன். என் முகத்தைப் பாத்து மட்டும் சாப்பிடாதீங்க.”

“ஒரு தப்பான முத்திரை நான் குத்தினதில்லம்மா. இத்தனை வருஷத்துல ஒண்ணு கூட.”

“அது சரி. சரியான முத்திரை எத்தனை பேரை அழவெச்சுதுன்னு பாத்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

தொடக்கவிழா அன்று கட்டடமே அரங்கத்தில் கூடியிருந்தது. மாதிரிப் பெண்ணுக்கு அமைச்சர் மாலை போடும் கைதட்டல் தாழ்வாரம் வரை கேட்டது. மாதிரி ஆண் தன் நாற்காலி ஆடுகிறது என்று ஒலிபெருக்கியில் புகார் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

முத்திரைக்காரர் முத்திரை குத்தும் குறடும் ஈய வில்லைகள் இரண்டும் எடுத்துக்கொண்டு தனியாகக் கண்ணாடி அறைப் பக்கம் வந்தார். ஒரு வில்லையில் பச்சை பூசியிருந்தது, மற்றதில் சிவப்பு. தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. உள்ளே குந்துமணி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். குளிருக்குத் தோள்கள் குறுகி, கை இரண்டும் அக்குளுக்குள் போயிருந்தன. இரவெல்லாம் நூல் கோத்திருப்பார். சட்டைப் பையின் மேல் ஒரு நூல்துண்டு ஒட்டியிருந்தது. எத்தனை நாளைக்கு வருமென்று கணக்குப் போட்டுக் கோத்தாரோ.

முத்திரைக்காரர் கண்ணை மூடிக் கைகூப்பினார். “நான் கேள்வி கேட்டு, திருகைத் திருப்பி, ஒருத்தரை யாருன்னு சொல்ல முடியும்னு எனக்குத் தோணல. அவங்க சொன்னாங்க, நான் நம்பறேன். இப்ப நான் பண்ணப்போறது பொய்யா நிஜமான்னு நீயே பாத்துக்கோ.”

ஆணியிலிருந்து குந்துமணியின் அட்டையை எடுத்தார். கயிற்றில் பச்சை வில்லையைக் கோத்துக் குறட்டால் அழுத்தினார். ஈயம் சத்தமில்லாமல் நசுங்கியது. எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கமாக அதற்கு மேல் சந்தேகம் தீர ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். இன்று இழுக்கவில்லை. பழையபடி ஆணியில் மாட்டினார்.

பிறகு தன் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, சிவப்பைக் கோத்தார். குறடும் கையுமாகக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மனைவிக்கு மாடிப்படி ஆகாது. கிடங்கு இருக்கும் ஊரில் தரைவீடாகப் பார்க்க வேண்டும். சம்மட்டி பிடித்துப் பழக்கமில்லை, பழகிக்கொள்ளலாம். அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடலாம். அழுத்தினார்.

கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கதவை ஓசைப்படாமல் திறந்து உள்ளே போனார். குளிரூட்டியை நிறுத்தினார். குந்துமணியின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் விழிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டு, அரங்கத்தை நோக்கி நடந்தார்.